தலைப்பிரசவத்துக்கு நல்ல தண்ணீர் வந்த விவரம்

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை பாண்டியராஜன் அவர்களுக்கு, மாமனார் சுடலைக்கண்ணு எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை செல்லக்கனியும் சுகம். அவ்விடம் தாங்களும், மாசமாக இருக்கும் மகள் வேல்விழியும், ஹைதராபாத்தில் உட்கார்ந்து தாங்கள் ஆராயும் பூமியின் வயிறும் சுகம்தானே?

"உங்க வீட்டு உப்புத் தண்ணியில பிள்ளையக் குளிப்பாட்ட முடியாது, நல்ல தண்ணி வந்தாத்தான் வேல்விழிய அனுப்புவேன்"னு போன்ல சொல்லிட்டீங்க. தலைப்பிரசவம் தாய்வீட்டுல நடக்கலேன்னா தெருவுல தலைகாட்ட முடியாதுன்னு உங்க அத்தை போர் லாரியக் கூப்பிட்டுட்டா. நூறடியில உப்பு, எரநூறுல அதவிட உப்பு. "இன்னும் எறங்குடே, அடியில சக்கரையா இருக்கும்"னேன். பாவம், எறக்குனான். ராடு ஒடிஞ்சு உள்ளயே மாட்டிக்கிட்டுது. "அண்ணாச்சி, ஆள விடுங்க"ன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டான். நான் அசரலையே! உங்கள மாதிரி பூமிய ஆராயுத ஆளுகளும் ரஷ்யாவுல பன்னெண்டு கிலோமீட்டர் தோண்டி, சூட்டுல பாறை குழைஞ்சு வரவும் நிப்பாட்டுனவங்கதான! பூமி நடுவுக்குப் போக ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டராம். டெல்லிக்கு ரயிலேறி, பக்கத்துல மீளவிட்டான் ஸ்டேஷன்ல எறங்கிக்கிட்டு, டெல்லி எப்படி இருக்குன்னு எழுதிச் சம்பளம் வாங்குதீங்களே, நான் என்ன கொறஞ்சு போயிட்டேன்?

"தோண்ட முடியாட்டா என்ன மாமா, பூகம்பத்தோட அதிர்வு உள்ள போயிட்டு வாரத வச்சே கண்டுபிடிப்போம்"னு நீங்க சொன்னது ஞாவகம் வந்துச்சு. நமக்குப் பூகம்பத்துக்கு எங்க போக? பக்கத்து வீட்டு ரோச்சைக் கூப்பிட்டு, அம்மிக்கல்லத் தூக்கித் தூக்கிப் போடச் சொல்லிட்டு, வாசல்ல குப்புறப் படுத்துக் காதை வச்சேன். "வே, பூமிகிட்ட என்னவே ரகசியம்?"ங்கான் ரோச். போறவன் வாரவன்லாம், "அண்ணாச்சி போயிட்டாரா?"ன்னு கூடிட்டான். "எந்திரிங்க, மானம் போவுது"ன்னு உங்க அத்தை காலப் பிடிச்சு இழுக்கா. ஆனா கேட்டுது மாப்பிள்ளை, சளசளன்னு! கடப்பாரையால ஒரே குத்து. ஆள் ஒசரத்துக்குப் பீச்சி அடிச்சுது. நாக்குல வச்சா அசல் இளநி! உங்க படிப்பு மெய்தான்னு இன்னைக்குத்தான் நம்புனேன். மகளை உடனே அனுப்பி வைங்க.

தாங்கள் துளை போடும் இடமெல்லாம் ராடு ஒடியாமல் இசக்கியம்மன் காப்பாளாக.

இப்படிக்கு,
பூமியோடு பேசிய மாமனார்,
சுடலைக்கண்ணு.

பின்குறிப்பு: மகளை அனுப்ப வேண்டாம். நான் குத்துனது தெருவுக்கே போற குடிதண்ணிக் குழாயாம். ரோச் வீட்டுல இருந்து கடைசி வீடு வரைக்கும் சொட்டுத் தண்ணி இல்ல. எல்லாரும் குடத்தோட நம்ம வாசல்ல நிக்காங்க, தண்ணிக்கு இல்ல, எனக்கு. நானும் உங்க அத்தையும் பின்வாசல் வழியா ரயிலடிக்கு வந்து சேந்தாச்சு. பிரசவத்த அங்கனயே பாத்துக்கிடலாம். உங்க வீட்டுல குழாய் எந்தப் பக்கமாப் போகுதுன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைங்க.