ஒரு வருஷ லீவும் டென்மார்க் வாத்தியாரும்

ஒரு வருஷம் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு உலகத்தைச் சுற்றிப் பார்ப்பது என்று நான் முடிவெடுத்தது சூளகிரி ரோட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காரணம், பெடல் கழன்ற ஒரு சைக்கிள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் நீல்ஸ் என்ற வெள்ளைக்காரர். டென்மார்க்கில் பள்ளிக்கூட வாத்தியார். நான் அதாவுல்லா, ஓசூர் சிப்காட்டில் ஒரு பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். பெடலை மாட்டிக் கொடுத்தேன். அவர் தன் நெஞ்சைத் தொட்டு, ஒரு விரலைக் காட்டி, "லீவ். ஒன் இயர். வேர்ல்டு!" என்றார்.

லீவு என்ற வார்த்தை எந்த நாட்டுக்காரர் சொன்னாலும் எனக்குப் புரியும். ஆனால் ஒரு வருஷமா! எங்கள் சூப்பர்வைசர் ராமப்பனிடம் அரை நாள் கேட்டாலே, "உன் மாமனார் போன மாசம்தானே செத்தார், மறுபடியுமா?" என்பார்.

எனக்கு வயசு முப்பத்தெட்டு. நான் பார்த்த உலகத்துக்கு ஒரு பக்கம் மத்தூர், ஒரு பக்கம் ஜவளகிரி, இன்னொரு பக்கம் அத்திப்பள்ளி செக்போஸ்ட். பனியைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும்? நடுக்கடலில் வயிறு என்ன பண்ணும்? டென்மார்க் ஆடும் மே என்றுதான் கத்துமா? தெரியாமலே செத்துப்போவதா?

நீல்ஸை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் இலாகா என் மனைவி முனவர் பேகத்தினுடையது. பெங்களூர் கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்தவள்.

"முனவர், இவர் ஒரு வருஷம் லீவு போட்டு உலகம் சுத்தறார். நானும் போகப் போறேன்."

தோசைக்கரண்டி பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் ஸ்டவ்வைத் தணித்தாள்.

"அப்படியா? நல்லதுதானே. எப்படி, என்னன்னு இவர்கிட்டயே கேட்டுக்குவோம்."

கேட்டாள். நீல்ஸ் கையை ஆட்டினார். காற்றில் மலை வரைந்தார், கப்பல் வரைந்தார், ஒட்டகம் மாதிரி நடந்துகூடக் காட்டினார். டீ ஆறிப்போகும் அளவுக்குப் பேசினார்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

"துணியெல்லாம் தானே துவைச்சுக்கிறாராம்."

"இவ்ளோ நேரம் சொன்னது அதுதானா?"

"இங்கிலீஷ்னா அப்படித்தாங்க. இழுத்துப் பேசுவாங்க."

அடுத்த கேள்வி கேட்டாள். அவர் "நோ" என்றார்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வீட்டுலயே பழகணுமாம். சமைக்கணும், துவைக்கணும், பாத்திரம் கழுவணும், பட்டன் தைக்கணும். ஒருத்தர் கையை எதிர்பார்க்கறவன் பாதி வழியில திரும்பிடுவானாம்."

"நோன்னுதானே சொன்னார்?"

"சிலதைச் சுருக்கமாவும் சொல்லுவாங்க."

நீல்ஸைப் பார்த்தேன். அவர் சிரித்தபடி தலையாட்டினார். அப்போது அவர் ஆறாவது தோசையில் இருந்தார். சாப்பிட்டுவிட்டு பெங்களூர் பக்கம் மிதித்துப் போய்விட்டார்.

மறுநாள் ராமப்பனிடம் கேட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"சம்பளம் கிடையாது. திரும்பி வந்தா அதே மெஷின் கிடைக்கும்னும் சொல்ல மாட்டேன். ஒரு மாசம் நல்லா யோசிச்சு எழுதிக் குடு."

அவரும் ஒரு மாசம் என்றார். எல்லாம் பொருந்தி வருகிறதே என்று எனக்குப் புல்லரித்தது.

வீட்டுக்கு வந்ததும் முனவர் துடைப்பத்தை நீட்டினாள்.

"உலகத்தைச் சுத்தணும்னீங்களே. முதல்ல வீட்டைச் சுத்தம் பண்ணுங்க."

முதல் நாள் நான் கிண்டிய களி கரண்டியை விட்டு வரவில்லை. கரண்டியோடு தட்டில் வைத்தேன். துவைத்த சட்டைகளில் பட்டன் இல்லை. தைத்த பட்டன்களுக்கு எதிரே ஓட்டை இல்லை. கொல்லையில் புடவை பிழிந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வெங்கடம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏமி அண்ணா, நீங்க புடவை பிழியறீங்க?"

"டென்மார்க் போறேன், வெங்கடம்மா."

"ஓ! அங்க ஆம்பளைங்களும் புடவைதான் கட்டுவாங்களா?"

ஆனாலும் சொல்கிறேன், சமையல் பிடித்துப்போயிற்று. இந்த வெங்காயம் எந்த நிமிஷத்தில் இனிக்கத் தொடங்குகிறது? புளி ஏன் கடைசியில்? ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தேன். கம்பெனியில் நூல் பிசகாமல் கடைகிற கை, சப்பாத்தியை விடுமா? லேத்தில் கடைந்ததுபோல வட்டமாக வந்தது.

முனவரும் சும்மா இருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, மகள் குல்ஷனின் அட்லஸை மடியில் விரித்துக்கொண்டு எனக்காக உலகத்தை ஆராய்ந்தாள்.

"ஏங்க, நார்வேல மாசக்கணக்கா சூரியன் மறையாதாமே. அப்ப ராத்திரிச் சோறு எப்பத் திம்பாங்க?"

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"சொல்லுங்க. அப்படியே அந்தக் குக்கரை இறக்கிடுங்க."

ஒருநாள் குல்ஷன் தட்டை நக்கிவிட்டு, "அத்தா, இனிமே தால்சா நீங்களே வைங்க. அம்மா வைக்கறது வேண்டாம்" என்றாள். எந்தத் தாய்க்கும் கோபம் வரும். முனவர் சந்தோஷமாக இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். அப்போதாவது நான் யோசித்திருக்கலாம்.

மாசம் முடிந்தது. அன்று குஸ்காவும் தால்சாவும் என் கைப்பக்குவம். எல்லாருக்கும் பரிமாறினேன். கையைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"முனவர், பழகி முடிச்சாச்சு. இனி எந்த நாட்டுலயும் நான் பட்டினி கிடக்க மாட்டேன். நாளைக்கே லீவு எழுதிக் குடுத்துடறேன். முழுசா ஒரு வருஷம்!"

வாய்க்குப் போன முனவரின் கை அப்படியே நின்றது. அவள் நிஜமாகவே பதறிப்போனாள்.

"ஒரு வருஷமா! நீங்க பாட்டுக்குக் கிளம்பிட்டா, இந்த வீட்டுல சோறு யாருங்க ஆக்கறது?"