கரையும் திருகும் உப்பில்லாத மீன் ஆணமும்

குட்வில் எஸ்டேட்,
போர்ட் பிளேர்.

அன்பு மருமகன் ஆமிருக்கு, மாமா மீரானின் ஸலாம். இங்கே நானும் உன் மாமி கரீமாவும் நலம். என் வலது கணுக்காலும் நலம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நான் போனில் அழுததை மறந்துவிடு. மாயாபந்தர் படகுத்துறை ஜெட்டியில் வழுக்கி உடைந்த எலும்பில், உன் ஆய்வுக்கூடத்தார் செய்த மக்னீசியத் திருகைச் சென்னையில் வைத்துப் போட்டார்கள் அல்லவா? எலும்பு சேர்ந்ததும் தானே கரைந்துவிடும், எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், உடம்பு அதை வேற்று ஆளாக நினைத்து வீங்காமலிருக்கப் புதுப் பூச்சு வேறு பூசியிருக்கிறோம் என்றாய். நானும் தலையாட்டினேன். ஆனால் முப்பது வருடமாகப் படகுக்குப் போல்ட்டும் பெயின்ட்டும் விற்கிறவன் நான். இந்த உப்புக்காற்றில் எந்தப் பூச்சு எத்தனை நாள் நின்றது என்று எனக்குத் தெரியாதா? எலும்பு சேருமுன் திருகு கரைந்தால் மறுபடி கப்பலேறி, மறுபடி காலைக் கிழிக்க வேண்டுமே என்று நடுங்கிப்போனேன். வீடு வந்த அன்றே, குழம்புச் சட்டியைக் காட்டி, "மீன் ஆணத்துல ஒரு கல்லு உப்பு விழக் கூடாது" என்றேன். "பாகல் ஆயிட்டீங்களா? புத்தி கெட்டுப்போச்சா? நாக்கு செத்துப்போயிடும்!" என்று கத்தினாள் உன் மாமி. இரண்டு நாள் வாயில் வைக்க முடியவில்லை. பிறகு நாக்கு பழகி, உப்பில்லாத ஆணம் முன்னைவிட ருசிக்கவே ஆரம்பித்துவிட்டது! அதற்குள் தையலுக்குப் பக்கத்தில் ஒரு புடைப்பு. அழுத்தினால் பூரி மாதிரி அமுங்கியது. அப்போதுதான் உனக்குப் போன் போட்டு அழுதேன். திருகு கரையும்போது கொஞ்சம் வாயு வரும், தானே போய்விடும் என்று நீ சொன்னதை நம்பாமல், ஊறுகாய் பாட்டிலையும் வீட்டைவிட்டு விரட்டினேன்.

நேற்று எக்ஸ்ரே எடுத்தார்கள். புடைப்பு போன இடம் தெரியவில்லை. வங்காளி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "சாச்சா, ஹட்டி ஜுட் கயீ" என்றார். எலும்பு சேர்ந்துவிட்டதாம்! திருகும் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறதாம். ஆமிர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். உப்பு விஷயத்தை மட்டும் அவரிடம் மூச்சுவிடவில்லை. என் கண்டுபிடிப்பை அவர் அமுக்கிவிட்டால்? நீ எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில், உப்பை நிறுத்தியதால்தான் திருகு தாங்கியது என்று என் பெயர் போட்டு எழுது.

உன் கைக்கு அல்லாஹ் இன்னும் பரக்கத் தரட்டும்.

இப்படிக்கு,
இரண்டு காலிலும் நிற்கும் மாமா,
மீரான்

பி.கு.: கடிதத்தை உன் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "மூணாம் நாள்லேர்ந்து உப்பு போட்டுத்தானே ஆக்குறேன்! நீங்கதான் தட்டை வழிச்சு வழிச்சுத் தின்னீங்களே" என்கிறாள். ஆகவே மேலே சொன்னதை அடித்துவிட்டு, வேளை தவறாமல் உப்பு தின்றவன் காலிலும் உன் பூச்சு தாங்கியது என்று எழுது. என் பெயரை மட்டும் எடுத்துவிடாதே.