பிறபொருளெதிரி அண்ணை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலிக்காகச் சண்டை பிடித்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு சின்னப் போத்தல் சலத்துக்காகச் சண்டை பிடித்தவர் ஒருவர்தான்: பிறபொருளெதிரி அண்ணை. சலம் என்றால் மூத்திரம்தான். எங்கள் ஊரில் மரியாதையாக அப்படிச் சொல்வோம்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அதைச் சோதிப்பது அவர் வேலை. உடம்புக்குள் நுழையும் கிருமியை எதிர்த்து நிற்கும் பொருளைப் பள்ளிக்கூடப் புத்தகம் பிறபொருளெதிரி என்கிறது. இவருக்கு அந்தப் பட்டம் வந்தது வேறு காரணத்தால். பிறர் வீட்டிலிருந்து கொண்டுவரும் எந்தப் பொருளுக்கும் இவர் எதிரி. ஜாம் போத்தல், இருமல் மருந்துப் போத்தல் எல்லாம் யன்னலால் திரும்பிவரும்.

“உதுக்குள்ளை நேற்று என்ன இருந்தது? தேசிக்காய் ஊறுகாயோ? புளிக்குக் கிருமி செத்துப்போம். பிறகு நான் எதைத் தேடுறது?”

இந்த மனிதரிடம் நானும் மாட்டினேன். என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஆறு மாதத்துக்குள் மூன்றாம் தரம் காய்ச்சல், சலக்கடுப்பு. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம் என்று டொக்டர் அம்மா சொல்லிவிட்டார். உடனே ஆய்வுகூட யன்னலுக்கு ஓடினேன்.

அண்ணை தந்த போத்தலில், விடிய எழும்பி மகள் போனது அடியை நனைக்க மட்டும்தான் காணும். அயல்வீட்டுச் சட்டியைக்கூட வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத ஊர் இது. இதை நீட்டினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கழுத்துமட்டும் நிரப்பி, மூடியைத் துடைத்து, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அரை மணித்தியாலத்தில் யன்னலால் அவர் தலை வந்தது.

“தம்பி, உம்மடை பிள்ளைக்குப் பாசி பிடிச்சிருக்கு.”

“என்ன அண்ணை சொல்லுறியள்?”

“சலத்துக்குள்ளை பச்சைப் பாசி நீந்துது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தனீரோ, கிணத்தைக் கூட்டிக்கொண்டு வந்தனீரோ?”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கொஞ்சமாக் குடுத்தா மரியாதையில்லை எண்டுதான் அண்ணை, தண்ணி விட்டனான்” என்றேன்.

அவ்வளவுதான், மனிதர் வெளியிலேயே வந்துவிட்டார்.

“மரியாதையோ? சலப்பைச் சுவரிலை பிறபொருளெதிரி பூசினமாதிரி நிக்கும், கிருமியை ஒட்டவிடாமல் தள்ளுறதுக்கு. சின்னப் பிள்ளையளுக்கு அது குறைவு. உம்மடை பிள்ளைக்கு நல்லாக் குறைவோ, அதுதான் திரும்பத் திரும்ப வருதோ எண்டு டொக்டர் அளந்து பாக்கச் சொல்லியிருக்கிறா. நீர் என்னெண்டா அதைத் தண்ணியிலை கரைச்சுப்போட்டு வந்து மரியாதை கதைக்கிறீர்! ஒண்டுமில்லை எண்டு நான் எழுதிக் குடுத்திருந்தா, பிள்ளையின்ரை கிட்னிக்கு ஆர் பொறுப்பு?”

பிழை என்னுடையதுதான். ஆனாலும் கோபம் இறங்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் ஒரு தகப்பனை இப்படியா ஏசுவது? மேலிடத்துக்கு அனுப்ப மனதுக்குள் ஒரு பெட்டிசம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

“புதுசா எடுப்பம்” என்றார் அவர். மகளோ பயத்தில் போகமாட்டேன் என்று அழுதாள். மனைவி அவளோடு கழிப்பறைக்குள் இருக்க, ஐம்பத்தெட்டு வயது மனிதர் கதவுக்கு வெளியே நின்று “ஸ்ஸ்ஸ்” என்றார். நடக்கவில்லை. பிறகு வாயாலேயே காங்கேசன்துறை ரயில் விட்டார், கூவலும் புகையும் குலுக்கலுமாக. உள்ளே மகள் சிரித்தாள். “வந்திட்டுது!” என்று மனைவி கத்தினாள். அண்ணை போத்தலை வாங்கிக்கொண்டு “விலகுங்கோ, விலகுங்கோ” என்று தாழ்வாரம் முழுக்க ஓடினார்.

அளவு கொஞ்சம்தான். கிருமி மட்டும் தாராளம். மருந்து அன்றே தொடங்கியது. பிறபொருளெதிரி குறைவாகத்தான் இருந்ததாம். வளர வளரக் கூடும் என்றார் டொக்டர் அம்மா.

இரண்டு கிழமை கழித்து, சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க ஸ்கான். அண்ணைக்கு அன்று லீவு. ஆனாலும் ஸ்கான் அறை வாசலில் நின்று, பிள்ளைகளைக் காக்கவைக்கிறார்கள் என்று காவலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். “ரெண்டு கிட்னியும் வடிவா இருக்கு” என்று டொக்டர் அம்மா சொன்னதும் அண்ணை சண்டையை அப்படியே விட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். பிறகு என்மேல் பாய்ந்தார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி குடுமன்!”

கொடுத்தேன். இந்த மனிதர் இன்னும் நாலு ஏச்சு ஏசமாட்டாரா என்று இருந்தது எனக்கு.