மருமகள் எழுதிய இருபத்துமூன்று ஆபத்துகள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் மகளும் நலம். எங்களில் யாராவது ஒருவர் நலமில்லாமல் போவதற்குள் இதை முடிக்க வேண்டும் என்பதால் மற்ற விசாரிப்புகளைச் சுருக்கிக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனா பாதியிலேயே நீ கத்த ஆரம்பிச்சிடுவ. கடுதாசியைப் பார்த்துக் கத்தினா எனக்குக் கேக்காது.

விஷயம் இதுதான். பத்தாவது படிக்கிற பிள்ளைங்களை ஒரு வாரம் வேலை பழகப் பள்ளிக்கூடத்துல அனுப்பினாங்க இல்ல, "மாமா கூடப் போய் லிப்ட் ரிப்பேர் எப்படின்னு பாரு"ன்னு நீதான் சொன்ன. நானும் சந்தோஷமாத்தான் கூட்டிட்டுப் போனேன். அவ கையில ஒரு படிவம். அதுல 'மேற்பார்வையாளர்'னு போட்டு என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாங்க. என்னை யாரும் அப்படிச் சொன்னதே இல்ல, நெஞ்சு நிமிர்ந்துடுச்சு. பக்கத்துலயே 'கல்வித் தகுதி'. பத்தாவதுன்னு எழுதினேன். உன் மகள் பேனாவை வாங்கி முன்னாடி 'பாதி'ன்னு சேர்த்தா. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

'வேலையிடத்தில் நான் கண்ட ஆபத்துகள்'னு ஒரு கட்டம், ஆறே வரி. திங்கட்கிழமை மத்தியானமே நிரம்பி, தனித்தாள் கேக்குறா. நான் ஏணியில ஏறினா எழுதுறா, இறங்கினா எழுதுறா, ஸ்க்ரூடிரைவரை வாயில கவ்வினா "மாமா, ஒரு நிமிஷம் அப்படியே இருங்க"ன்னு கிட்ட வந்து பார்த்து எழுதுறா.

"என்னடி எழுதுற?"

"ஏழாவது, மேற்பார்வையாளரின் வாய்."

நாலு வருஷமா லிப்ட் கூண்டு மேல ஏறி நின்னு, இருட்டுக் குழிக்குள்ள விசிலடிச்சுக்கிட்டே வேலை பார்த்தவன் அக்கா நான். பயம்னா என்னன்னே தெரியாது. ஏன்னா யாரும் எனக்கு எழுதிக் காட்டல. சாயங்காலம் தாளைப் படிச்சேன், பதினெட்டு வரி. நான் சாகுறதுக்கு மட்டும் அதுல பதினோரு வழி. மீதி ஏழுல கை கால்தான் போகும்.

அதுலேருந்து நாற்காலியை ஆட்டிப் பார்த்துட்டுத்தான் உக்காருறேன். புதன்கிழமை ஒன்பதாவது மாடியில வேலை. லிப்ட்ல ஏற மனசு வராம, பையைத் தூக்கிட்டுப் படியிலேயே போனேன். ஆறாவது மாடி டீச்சரம்மா கதவைத் திறந்தாங்க.

"தம்பி, நீங்க லிப்ட்காரர்தானே? லிப்ட் ஓடலையா?"

"நல்லா ஓடுதும்மா."

"அப்ப நீங்க ஏன் படியில?"

நான் பையை அடுத்த தோளுக்கு மாத்தினேன். உன் மகள்தான் பதில் சொன்னா. "மாமாவுக்கு லிப்ட்டைப் பத்தி நிறையத் தெரியும் ஆன்ட்டி."

அவ்ளோதான். சாயங்காலத்துக்குள்ள கட்டடமே மூச்சு வாங்கிக்கிட்டுப் படியேறுது, எங்க லிப்ட் கம்பெனி முதலாளிக்குப் போன் மேல போன். இன்னைக்குக் காலையில மனுஷன் வந்து தாளைப் பிடுங்கி வாசிச்சார். ஒன்பதாவது வரியில நின்னுட்டார். 'கூண்டின் மேல் ஏறும் முன், அங்குள்ள சிவப்பு நிறுத்தும் பட்டனை யாரும் சோதிப்பதில்லை.' முகம் கறுத்துடுச்சு.

"நாளைக்குள்ள ஆபத்து ஒண்ணுமில்லைன்னு மாத்தி எழுதச் சொல்லு. இல்லைன்னா மாமாவும் மருமகளும் அப்படியே படியில இறங்கி வீட்டுக்குப் போயிடுங்க."

அவகிட்டக் கெஞ்சினேன். "பார்த்ததைத்தான் எழுதணும் மாமா. இல்லைன்னா மார்க் இல்ல"ங்கிறா. "எனக்கு வேலை போயிடும்டி"ன்னேன். "இருங்க"ன்னு சொல்லி, அதையும் இருபத்துமூணாவது ஆபத்தா எழுதிக்கிட்டா.

அக்கா, இதுவும் போச்சுன்னா என்னை யார் சேர்த்துப்பா? எந்த வாசல்லயும் முதல் கேள்வியே எதுவரைக்கும் படிச்சேன்னுதான். நீ சொன்னா கேப்பா. இருபத்துமூணையும் அடிச்சுட்டு 'ஆபத்து இல்லை'ன்னு எழுதச் சொல்லு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். ரெண்டு பேரும் நூறு வயசு இருக்கணும், அதுக்காகவாவது படியில இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சு இறங்குங்க.

இப்படிக்கு,
இருக்கும்வரை உன் பாசமுள்ள தம்பி.

பின்குறிப்பு: இதை மடிக்கிறதுக்குள்ள முதலாளி மறுபடி ஒன்பதாவது மாடிக்கு விரட்டிட்டார். கூண்டு மேல ஏறணும், கால் வரல. ஏறாம இருக்க ஒரு சாக்குக்காக, ஒன்பதாவது வரியில இருக்கிறதைச் செஞ்சேன். வெளியில நின்னே கையை நீட்டிச் சிவப்பு பட்டனை அமுக்கிட்டு, கதவைச் சாத்திட்டு, உச்சி மாடியில நின்ன உன் மகளை லிப்ட்டைக் கூப்பிடச் சொன்னேன். அது அசையவே கூடாது அக்கா. சர்ருனு மேல போயிடுச்சு. மெயினை அணைச்சுப் பூட்டிட்டுத் திறந்து பார்த்தா, பட்டன் மக்கர் பண்ணுதுன்னு முதலாளியே அதைத் தாண்டி ஒயரை நேரா முறுக்கி விட்டிருக்கார். நான் மேல நின்னிருந்தா, உச்சிக் கூரையோட கூரையா ஒட்டியிருப்பேன்.

அதனால எதையும் அழிக்கச் சொல்லி அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடாத. இருபத்துமூணுக்கும் கீழ கையெழுத்துப் போட்டுட்டேன். வேலை போயிடுச்சு, படியிலேயே இறங்கி வந்துட்டோம். 'எனக்கு ஏற்ற வேலை எது'ன்னு பள்ளிக்கூடத்துல அவளுக்குக் கொடுத்த கேள்வித்தாளை இப்ப எனக்கு வெச்சு நிரப்பிக்கிட்டிருக்கா. முதல் கேள்வி, வேலையில பயம் உண்டா. உண்டுன்னு போடச் சொன்னேன். அதுக்கு மார்க் உண்டாம்.