தொரையும் என் கடல்நீல விளக்கும்

நான் ஒரு இன்ஜினியர். உங்களிடம் தைரியமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சொன்னால் ஒருவர் மாற்றி ஒருவர் சிரிப்பார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் நான்கு வருடம் படித்தேன். அதாவது, நான்கு வருடம் கல்லூரிப் பேருந்தில் ஜன்னலோரமாகத் தூங்கினேன். கடைசி வருட ப்ராஜெக்ட்டை நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு கடையில் ரெடிமேடாக வாங்கிக்கொண்டு போய் வைத்தோம். "இது எப்படிம்மா வேலை செய்யுது?" என்று கேட்ட தேர்வாளரிடம் "நல்லா வேலை செய்யுது சார்" என்று பதில் சொன்னவள் நான்தான். சால்டரிங் வைக்கும் கருவியை வாழ்க்கையில் ஒரே ஒருமுறை தொட்டிருக்கிறேன். அதுவும் சூடான பக்கத்தை.

இந்த ஞானத்தோடு கல்யாணமாகி கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. யார் வந்தாலும் அத்தை, "எங்க மருமவ இன்ஜினியரு" என்று சொல்லிவிட்டு என் ரசத்தை அவர்கள் முன்னால் வைப்பார். அது பெருமையா, ரசத்துக்கான முன்மன்னிப்பா என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. (பெருமை என்றே எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு எல்லாமே பெருமையாகத்தான் தெரிந்தது.)

மாமனார் வெள்ளிமலை பஸ்ஸை முப்பது வருடம் ஓட்டி ரிட்டயரானவர். மலை வளைவுகளில் பழகிய பொறுமை அவருக்கு. அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு ஹாலில் வைத்திருந்த மூன்றடி மீன் தொட்டி. அதில் ஒரே ஒரு மீன். ஒரு சாணுக்கு மேல் நீளம், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், எப்போதும் யாரையோ முறைத்துக்கொண்டே இருக்கும் முகம். ஆஸ்கார் மீன் என்பார்கள். மாமா வைத்த பெயர் தொரை. காலையில் பேப்பரை விரித்து அதற்குத் தலைப்புச் செய்தி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் காபி குடிப்பார்.

அப்போது என் நாத்தனார் சுகன்யாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து பஜ்ஜி தின்றுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாக உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளைக்கு ஹைவே ஓரத்தில் சொந்தமாக லாரி எலக்ட்ரிகல் ஒர்க்ஷாப்.

"லாரிக்கு லைட்டு போடுறவரா?" என்று கேட்டேன். அந்த 'லாரிக்கு' என்ற சொல்லை நான் எந்தத் தொனியில் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் என்னை நானே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

"ஏன் அண்ணி, லாரி இருட்டுல போவணுமா?" என்றாள் சுகன்யா. அவளுக்குப் போட்டோவிலேயே ஆளைப் பிடித்துவிட்டிருந்தது.

சரி, வருகிறவர்கள் அசந்துபோகும்படி வீட்டில் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. செல்போனில் நான்கு வீடியோ பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக்கார வரவேற்பறை, அதில் ஒரு மீன் தொட்டி, தொட்டியைச் சுற்றி நீலமும் ஊதாவுமாக வழியும் வெளிச்சம். எல்.இ.டி. பட்டையை ஒட்ட வேண்டியது, செல்போனில் நிறத்தை மாற்ற வேண்டியது, அவ்வளவுதான். பட்டையை ஆர்டர் போட்டேன். நீர் புகாத வகை என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதைப் பார்சல் வந்த பிறகு படித்தேன். மூடிக்கு அடியில்தானே ஒட்டப் போகிறோம், தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று யோசித்த இன்ஜினியர் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"தொரைக்கு வெளிச்சம் ஆவாதும்மா. டியூப் லைட்டு போட்டாலே மூஞ்சத் திருப்பிக்கும்" என்றார் மாமா.

"மாமா, இது சாதாரண லைட் இல்ல. மூட் லைட்டிங். மீனுக்கே ஸ்ட்ரெஸ் குறையும்."

"அப்டியா?"

"நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்கேன் மாமா."

அந்த மனிதர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். மீனிடம் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை, நான் ஸ்டூல் மேல் ஏறியிருந்தேன்.

அந்தப் பட்டையில் வெட்டுவதற்கென்றே கத்திரிக்கோல் படம் போட்ட கோடுகள் இருந்தன. நான் கண்ணாடி முடிந்த இடத்தில் வெட்டினேன். கடைசித் துண்டு எரியவில்லை. மறுபடி வெட்டினேன். பிறகு கம்பிகளை இணைத்தேன். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு எழுத்து போட்டிருந்தது. எழுத்தைப் பார்த்து இணைப்பது படிக்காதவர்கள் செய்கிற வேலை என்று நினைத்தேனோ என்னவோ, கைக்கு வந்தபடி இணைத்தேன். செல்போனில் நீலத்தை அழுத்தினால் தொட்டி சிவப்பாக எரிந்தது. சிவப்பை அழுத்தினால் நீலம்.

பிரித்துச் சரியாக மாட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மனப்பாடம் செய்தேன். 'நீலம் வேணும்னா சிவப்பு, நீலம் வேணும்னா சிவப்பு.' நான்கு வருடப் படிப்பில் எனக்கு உருப்படியாக வந்த ஒரே வித்தை மனப்பாடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. பெரியப்பா மக்காச்சோள வியாபாரி. மார்க்கெட் கமிட்டி ஏலத்தில் நூறு பேர் கூச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால், வீட்டுக்குள் அவர் நலம் விசாரிப்பதே தெருக்கோடிக்குக் கேட்கும்.

பகல் வெளிச்சத்தில் என் விளக்கு எடுபடாது என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தி, திரை போட்டு வைத்திருந்தேன். வெயிலிலிருந்து உள்ளே வந்தவர்களுக்குக் கண் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முக்காலியில் இடித்துக்கொண்டார். பெரியப்பா என் வீட்டுக்காரர் மடியில் உட்காரப் போய்க் கடைசி நொடியில் சுதாரித்தார்.

"இன்னாபா, கரண்டு இல்லியா?"

"இருக்குதுங்க. மருமவ ஏதோ வேல பண்ணி வெச்சிருக்கு" என்றார் அத்தை. அந்த 'ஏதோ'வில் இருந்த அபாய அறிவிப்பு யாருக்கும் கேட்கவில்லை.

இதுதான் தருணம். செல்போனை எடுத்தேன். கடல்நீலம். பதற்றத்தில் மனப்பாடம் மறந்து நீலத்தையே அழுத்தினேன்.

தொட்டி முழுக்க ரத்தம். அந்த இருட்டில், அந்தச் சிவப்பில், நடுவில் தொரையின் முறைக்கும் முகம்.

"அய்யோ, இன்னாங்க இது?" என்று மாப்பிள்ளையின் அம்மா மார்பில் கை வைத்தார்.

பதறிப்போய்த் திரையில் கண்ட இடத்தில் தட்டினேன். விரல் எதில் பட்டதென்று அப்போது தெரியாது. சத்தத்துக்கு ஏற்ப விளக்கு துள்ளுகிற ஏற்பாடு ஒன்று அதில் இருந்தது. பாட்டுப் போட்டால் ஆடுவதற்கு. அதில் பட்டுவிட்டது. பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். தொட்டி பளீரென்று பச்சையாக வெட்டி அணைந்தது.

"பொண்ணு இன்னா படிச்சிருக்குது?"

ஊதா, சிவப்பு, பச்சை, சிவப்பு. வாக்கியம் முடிந்ததும் இருட்டு.

பெரியப்பா தொட்டியைப் பார்த்தார். ஏதோ சந்தேகம். "ஏய்!" என்றார். பளீர். "ஓய்!" பளீர். அறுபது வயது மனிதர் குழந்தையாகிவிட்டார். "அடேங்கப்பா! நான் பேசுனா எரியுது பாரு! ஏலம் வுடட்டுமா?" என்று நிஜமாகவே மக்காச்சோளத்தை ஏலம் விட ஆரம்பித்தார். ஹாலில் திருவிழா ராட்டினம் சுற்றுவது போல நிறங்கள் பறந்தன. நான் செல்போனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அதுவோ இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று எனக்கு அறிவித்துவிட்டது.

தொரை வெறிபிடித்ததுபோல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்ந்தது. கண்ணாடியில் டம்மென்று ஒரு மோதல். மூடி அதிர்ந்தது. ஏற்கெனவே ஈரத்தில் ஊறிப்போயிருந்த என் பட்டை ஒரு பக்கம் பிடிப்பு விட்டு, எரிந்துகொண்டே தண்ணீருக்குள் தொங்கியது. அடுத்த நொடி தொரை மெதுவாக ஒருபக்கமாகச் சாய்ந்து, தொட்டியின் அடியில் போய்ப் படுத்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"தொரே!" என்று மாமா எழுந்து ஓடி, சட்டைக் கையோடு தொட்டிக்குள் கையை விட்டார்.

நான் அலறினேன். "மாமா! கரண்டு! ஷாக் அடிக்கும்! யாரும் தொடாதீங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

ஓடினார்கள். முதலில் ஓடியவர் என் வீட்டுக்காரர். (இதை அவர் இன்றுவரை மறுத்துக்கொண்டிருக்கிறார்.) பெரியப்பா அத்தையின் செருப்பில் ஒன்றையும் தன்னுடையதில் ஒன்றையும் மாட்டிக்கொண்டு தெருவில் நின்றார். எதிர்வீட்டிலிருந்து, "ஆருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். நானும் தெருவில்தான் நின்றேன். மாமாவை உள்ளே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனேன். மாமா தொட்டியில் கையை விட்டபடியே நின்றிருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. அவர் ஓடவே இல்லை. பிளக்கைப் பிடுங்கி, அடாப்டரைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"அக்கா, இது பன்னெண்டு வோல்ட்டுக்கா. கூச்சம்கூட வராது."

சமையலறை வாசலில் காபி தட்டோடு சுகன்யா நின்றுகொண்டிருந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. முதலில் தட்டு குலுங்கியது. பிறகு அவளால் அடக்க முடியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படிச் சிரித்து நான் எங்கும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் அவருடைய அம்மா சிரிக்கவில்லை. வாசலிலேயே நின்றார். "வந்ததும் ரத்தக் கலரு. அப்புறம் ஒரு உசுரு போச்சு. சகுனம் சரியில்ல. கெளம்பலாம்பா."

அத்தையின் முகம் சுருங்கிப்போனது. மூன்றாவது வரன். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சாவலிங்க" என்றார் மாமா. குனிந்து மீனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "செவுளு அசையுது. கோவத்துல படுத்துக்கினு இருக்குது. இந்த ஜாதி அப்டித்தான்."

"மீனுக்குக் கோவமா? இன்னா சொல்றீங்க?"

மாப்பிள்ளை தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டிமேல் போர்த்தினார். ஜன்னல்களைத் திறந்தார். "அம்மா, உக்காரு. மீனு எழுந்தா பேசலாம், எழுந்துக்கலன்னா கெளம்பலாம்."

எல்லோரும் உட்கார்ந்தோம். ஒரு பெண்ணின் கல்யாணம் ஒரு மீனின் கோபம் தணிவதற்காகக் காத்திருந்தது. பேசினால் மீன் பயப்படும் என்று மாமா கேட்டுக்கொண்டதால் பெரியப்பா தன் வாழ்நாளிலேயே முதல்முறையாகக் கிசுகிசுத்தார். அதுவும் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் இருக்கும். மாமா மெதுவாக என்னிடம் வந்து, "அந்த லைட்ட எடுத்துடலாமாம்மா?" என்றார். எடு என்று சொல்லவில்லை. அனுமதி கேட்டார். தலையை ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

துண்டுக்கு அடியில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம்.

மாமா துண்டை விலக்கினார். தொரை நிமிர்ந்து நின்று, நேராக என்னை முறைத்தது. சுகன்யா இரண்டு தீனி உருண்டைகளை விரல் நுனியில் பிடித்துத் தண்ணீருக்கு மேலே காட்ட, எம்பி வந்து கவ்விக்கொண்டு போனது.

"ஆஹா!" என்று பெரியப்பா அடக்கி வைத்திருந்த குரலை மொத்தமாக அவிழ்த்துவிட்டார். "செத்தது எழுந்து வந்து பொண்ணு கையால தின்னுட்டு போவுது! இதவுட இன்னா சகுனம் வோணும் உனுக்கு?"

மாப்பிள்ளையின் அம்மா ஆறிய பஜ்ஜியில் ஒன்றை எடுத்துக் கடித்தார். சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். கிளம்புவதற்கு முன்னால் மாப்பிள்ளை என் கம்பிகளைப் பிரித்து, எழுத்துப் பார்த்து, சரியாக மாட்டிக் காட்டினார். நீலத்தை அழுத்தினால் நீலம் வந்தது. நான் அழகாக இருக்கிறது என்றேன். அவரே பட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். இப்போது அது ஏதோ ஒரு லாரியின் முதுகில் சென்னைக்கும் திருச்சிக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பல்ப் மாற்ற வேண்டுமென்றால்கூட உளுந்தூர்பேட்டைக்குப் போன் போகிறது. "இன்ஜினியர் வூட்லயே இருக்குதே" என்று யாராவது சொன்னால், "அது படிச்சுது, அவ்ளோதான்" என்கிறார் அத்தை. சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னைப் பார்த்ததும் பெரியப்பா, "பன்னெண்டு வோல்ட்டு வந்துட்டுதா?" என்று மண்டபம் அதிர விசாரிக்கிறார். என் ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

போன மாதம் ஈரக் கையோடு கிரைண்டர் சுவிட்சைப் போட்டபோது நிஜமாகவே ஷாக் அடித்தது. கை உதறி, கிண்ணம் பறந்து, மாவெல்லாம் சுவரில். "அய்யோ, கரண்டு!" என்று அலறினேன். ஹாலில் மாமா, என் வீட்டுக்காரர், ஊரிலிருந்து வந்திருந்த சுகன்யா, அவள் புருஷன், அத்தை என்று ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமலேயே அத்தை மட்டும் கேட்டார்:

"எத்தினி வோல்ட்டும்மா?"