மணமாகாதவர் என்ற கட்டம்

அடிஸ் அபாபாவில் தேவாலய மதிலை ஒட்டிய தம் கணினிக் கடையின் சுவரில், கிசாச்சௌ சிவப்பு மையால் இரண்டு கட்டளைகளை எழுதி வைத்திருந்தார். 'மனைவி மக்களை மறைக்காதீர். ஒருவருக்கு ஒரே மனு. இரண்டு போட்டால் இரண்டும் செல்லாது.' அமெரிக்க விசா குலுக்கலுக்கு மனு நிரப்பித் தருவது அவர் பணி. வெள்ளைத் துணிக்கு முன் அமர்த்திப் படம் எடுப்பது அவர் மனைவி வுபாலெமின் பணி.

அந்த அக்டோபரில் வேன் ஓட்டும் ஒருவன், பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் 'காஷே' என்ற சொல்லோடு குழைந்தான்.

"காஷே, பெரிய மனுஷன் நீங்க சொல்லுங்க. பொண்டாட்டி பேரு எதுக்கு? தனி ஆளுன்னா சுளுவா விழுமாமே. போனப்புறம் அவளைக் கூப்பிட்டுக்கிறேன்."

"காகிதத்துல அவளை இல்லாம பண்ணிட்டு, எந்த வாயால கூப்பிடுவ?"

பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேரும் கேட்கும்படி அரைமணி நேரம் உபதேசம் நடந்தது. ஓட்டுநர் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அன்பர்களே, ஊருக்கு உரைக்கும் அறம் நம் வீட்டு வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக மனைவியோடு சேர்த்து மனுப் போட்டும் கிசாச்சௌவுக்கு விழவில்லை. அடுத்த ஞாயிறு வுபாலெம் தேவாலயத்துக்குப் போன நேரத்தில், அவர் தம் பெயரை எழுதி, 'மணமாகாதவர்' என்ற கட்டத்தைத் தொட்டார். ரசீதை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நல்ல பிள்ளையாக வெங்காயம் உரிக்கப் போனார்.

மே மாதம் முடிவு வந்தது. அவர் எண்ணுக்கு ஒன்றுமில்லை. பெருமூச்சு விட்டவர் முன் காப்பிக் கோப்பையையும் ஒரு சீட்டையும் வைத்தாள் வுபாலெம்.

"இந்த நம்பரையும் பாருங்க."

பார்த்தார். தேர்வாகியிருந்தது. மனுதாரர் வுபாலெம், கணவர் கிசாச்சௌ.

"நீ எப்போ போட்ட?"

"வெங்காயம் உரிச்சீங்களே, அன்னைக்கு. யாருக்குப் போட்டாலும் ரசீது ரெண்டு எடுப்பீங்க, ஆளுக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணு. கை பழக்கம். கடைக்கு உள்ளது பிரிண்டர்லயே கிடந்துச்சு."

அவர் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அதைப் பார்த்துட்டு, என் பேர்ல ஒண்ணு போட்டேன். உங்க பேர்லயும் இன்னொண்ணு போட்டேன். பொண்டாட்டின்னு என் பேரைச் சேர்த்து."

"அடிப்பாவி! ரெண்டு போட்டா ரெண்டும் போயிடுமே!"

"சுவத்துல எழுதியிருக்கே. வாசிக்கத் தெரியாதா எனக்கு?"

"அது மோசடி, வுபாலெம்!"

"நான் எழுதுனதுல எந்த வரி பொய், சொல்லுங்க. உங்களதுல எதுன்னு நான் சொல்றேன்."

ஒரு கட்டத்தில் தாம் அழித்த மனைவி இன்னொரு கட்டத்தில் தம்மை விடாமல் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது எந்த மனிதனும் கொஞ்சம் சிறுத்துத்தான் போவான். அப்படிச் சிறுப்பது நல்லது.

"சரி, அடுத்த படிவத்தை நிரப்புங்க. உங்களை விட்டா இந்தத் தெருவுல யாருக்கு இது தெரியும்?"

பணிவோடு தட்டச்சு செய்தார். பெயர், பிறந்த நாள், முகவரி. அடுத்த கேள்வியில் விரல்கள் நின்றன: 'கணவர் உங்களுடன் வருகிறாரா? ஆம், இல்லை.'

"என்ன போடட்டும்?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

வுபாலெம் அவரை மெல்ல எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் தான் அமர்ந்தாள்.

"யோசிக்கணும் காஷே. வெளியே பெஞ்சுல உட்காருங்க. உங்க முறை வந்தா கூப்பிடுறேன்."