பிள்ளையாருக்கு டாலர் போட்ட அண்ணாச்சி

அமெரிக்காவை வரைபடத்தில்கூட உற்றுப் பார்க்காமல் டாலராலேயே பேர் வாங்கிய ஒரே மனிதர், கோவில்பட்டி வட்டாரத்தில் எங்கள் டாலர் அண்ணாச்சிதான். அவர் சட்டைப்பையைக் கவிழ்த்தால் பஸ் டிக்கெட்டும் பல்குத்தும் குச்சியும் விழும். ஆனால் கம்ப்யூட்டர் கணக்குத்தாளைத் தானாக ஓட்ட அவர் எழுதிய மேக்ரோவைத் திறந்தால் வரிக்கு வரி $ $ என்று டாலராகக் கொட்டிக் கிடக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் டைப்பிஸ்ட். தீப்பெட்டி செய்கிற இடத்தையே எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். முதலாளி கௌரவத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு, அதை மேய்க்க அண்ணாச்சியை வாரத்தில் இரண்டு நாள் வரச்சொல்லியிருந்தார். குளத்தூரிலிருந்து பஸ் பிடித்து, தோளில் பச்சைத் துண்டோடு வந்து இறங்குவார்.

"மொதக் கட்டத்த A1-ன்னு எழுதினா போதாதா அண்ணாச்சி? எழுத்துக்கு முன்னால ஒரு டாலர், நம்பருக்கு முன்னால ஒரு டாலர், எதுக்கு இத்தன?" என்று முதல் நாளே கேட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக் காட்டினார்.

"பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிக்கோம்லா? அதேதான். டாலர் போடாத கட்டம், துண்டு போடாத சீட்டு. ஃபார்முலாவ நீ அங்கன இங்கன இழுத்தா அதுவும் கூடவே ஓடும். டாலரப் போட்டுட்டா எவன் வந்தாலும் அசையாது."

அதன்பிறகு பார்த்தால், அவருக்கு உலகமே இரண்டு வகைதான்: டாலர் போட்டது, போடாதது. சைக்கிளைப் பூட்டினால் டாலர் போட்டாச்சு. டீக்கடைத் தட்டில் கடைசி வடையின் மேல் விரலை வைத்து "டாலர்" என்பார். அப்புறம் அந்த வடையை யார் தொடுவார்கள்? எங்கள் மானேஜர் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்திருந்தார்கள். இவர் நடுவில் புகுந்து, "மாப்பிள்ளைக்கு டாலர் போட்டாச்சா?" என்று விசாரித்தார். வந்தவர்கள் அதை வரதட்சணைப் பேச்சென்று பிடித்துக்கொள்ள, அவர்களைச் சமாதானப்படுத்த மானேஜருக்கு ஒரு வாரம் ஆயிற்று.

வேலை முடிந்ததும் பெண்களை அவரவர் ஊரில் கொண்டுவிட மூன்று வேன்கள் உண்டு. காலங்காலமாக அவர்கள் தாமாக ஏறி, தாமாக இறங்கி ஒழுங்காக வீடு போய்க்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் சும்மா இருப்பதைப் பார்க்கப் பொறுக்காத முதலாளி, இனி லிஸ்ட்டில் உள்ளபடிதான் வேனில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார். ஒரு ஷீட்டில் பெயர், இன்னொரு ஷீட்டில் ஊர். அண்ணாச்சியின் மேக்ரோ இரண்டையும் முதல் கட்டத்திலிருந்து ஜோடி சேர்த்து அச்சடித்துத் தரும்.

முதல் வாரமே நான் ஒரு பெயரை விட்டுவிட்டேன். "இன்னொரு தப்பு வந்துச்சு, நீ வீட்டோட இருந்துக்கம்மா" என்றார் முதலாளி. வீட்டோடு இருந்தால், அப்பா தயாராக வைத்திருந்த எட்டயபுரத்து மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். எனக்கு அந்த மாப்பிள்ளையும் வேண்டாம், அவர் மீசையும் வேண்டாம்.

பழைய லிஸ்ட்டைத் திருத்திப் புதிதாக அச்சடித்த அன்று சாயங்காலம், வாசலில் ஒரே கூச்சல்.

"கம்ப்யூட்டர் ஒன்னய கயத்தாறு வேன்ல போட்டிருக்கு. எறங்கு" என்கிறார் எட்டயபுரம் வேன் டிரைவர்.

"எங்க வீடு எங்க இருக்குன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமாய்யா?" என்கிறாள் அன்னக்கிளி.

முதலாளி வெளியே வந்தார். அண்ணாச்சி மட்டும் குஷியாக ஒரு சாக்பீஸோடு முற்றத்தில் குதித்தார். "யாரும் ஏறாதீங்க! மேக்ரோவ ஒவ்வொரு படியா ஓட்டிப் பாக்கணும்" என்று தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஷீட்டில் இருந்த வரிசைப்படி கட்டத்துக்கு ஓர் ஊர் எழுதினார். பிறகு அச்சடித்த லிஸ்ட்டைப் பார்த்து ஆட்களை நிறுத்தத் தொடங்கினார்.

"ஒண்ணாம் கட்டம், எட்டயபுரம். ஆளு... ரெண்டு. ஏட்டி, ஒங்கள்ல ரெண்டுன்னு யாருக்குப் பேரு?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

"சரி, ரெண்டாம் கட்டம், கயத்தாறு. ஆளு அன்னக்கிளி."

"நான் எட்டயபுரம்னு எத்தன மட்டம் சொல்ல?"

இப்படியே போனது. எல்லோரும் ஒரு கட்டம் கீழே இறங்கி, அடுத்தவள் ஊரில் நின்றார்கள். கடைசிப் பெயர்க்காரியான வேலம்மாள் தூக்குவாளியும் கையுமாகக் கோட்டுக்கு வெளியே நின்றாள். "எனக்குக் கட்டமே இல்லையே அண்ணாச்சி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது இரண்டே இல்லை. பிள்ளையார் சுழி! சுழி போடாமல் சலவைத் துணிக் கணக்குக்கூட எழுதாத குடும்பம் எங்களுடையது. பெயர் ஷீட்டைத் திருத்துமுன், உச்சியில் ஒரு வரிசையைப் புதிதாக நுழைத்துச் சுழி போட்டிருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழெழுத்து கிடையாது. பார்க்க 'உ' மாதிரி இருக்கிறதே என்று 2 அடித்திருந்தேன். பெயர்கள் எல்லாம் ஒரு படி இறங்கிவிட்டன. டாலர் போட்டு இறுக்கிய மேக்ரோவோ பழைய இடத்தை விட்டு அசையவில்லை. பிள்ளையாரை அன்னக்கிளியின் சீட்டில் உட்கார வைத்து எட்டயபுரத்துக்கு அனுப்பப் பார்த்தது.

அண்ணாச்சி லிஸ்ட்டில் இருந்த 2-ஐப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"யார் செஞ்ச தப்பு ஓய்?" என்றார் முதலாளி.

"என் தப்புதான் மொதலாளி. அந்தப் பிள்ள மொறையா சுழி போட்டுத்தான் ஆரம்பிச்சிருக்கு. நாந்தான் பிள்ளையாருக்கு எடம் விடாம, மொதக் கட்டத்துலயே டாலரப் போட்டு இறுக்கிட்டேன். அப்படிச் செஞ்சா வெளங்குமா?"

பிள்ளையார் பேர் வந்ததும் முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அண்ணாச்சியின் இரண்டு நாளை ஒரு நாளாகக் குறைத்துவிட்டார். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"எதுக்கு அழுத? கும்பிட்டதுல தப்பு இல்ல. ரெண்டு ஷீட்டுலயும் கும்பிட்டிருந்தா ஊராவது மாறாம இருந்திருக்கும்லா?" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மறுவாரம் வந்து, இரண்டாம் வரிசையில் தொடங்கும்படி மேக்ரோவைத் திருத்தினார். எட்டயபுரத்து மாப்பிள்ளை வேறு இடத்தில் பெண் பார்த்து, வேறு வேனில் ஏறிவிட்டார். நான் வேலையில் நிலைத்தேன். இப்போது எனக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறார்கள். நான் தொடங்கித் தரும் எந்த ஷீட்டிலும் முதல் வரிசை காலியாகவே இருக்கும். அழித்துவிடலாமா மேடம் என்று கேட்பார்கள். தொடாதீர்கள், பிள்ளையாருக்கு விட்ட இடம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பிள்ளையார் கோவித்துக்கொள்ள மாட்டார். அது என் அண்ணாச்சிக்கு நான் போட்டு வைத்திருக்கும் துண்டு.